இரவே ஊறவைக்கும் ஓட்ஸ்: நம் வீட்டுத் தயிருக்கும் நம் ஊர் வெயிலுக்கும் ஏற்ற அளவு

ஓவர்நைட் ஓட்ஸை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, "பசை மாதிரி இருக்கு, தொண்டையில இறங்கல" என்று கைகழுவியவர்கள் நிறைய. அவர்களில் பலருக்கும் கோளாறு நடந்த இடம் சமையலறை இல்லை, கடை. தப்பான ஓட்ஸை வாங்கி வந்தபின் என்ன அளவு போட்டாலும் பசைதான் வரும். மற்றவர்களுக்கு அளவில் கோளாறு. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் தண்ணீர் வடித்த கெட்டித் தயிரையும் குளிர்நாட்டுச் சமையலறையையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் வீட்டில் உறை ஊற்றிய தயிரை அதே அளவில் போட்டால் காலையில் பாட்டிலுக்குள் மோர்க்கஞ்சிதான் இருக்கும்.

முதலில் பாக்கெட்டைப் பாருங்கள்

கடைகளில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி "மூன்று நிமிடத்தில் தயார்" வகை. சீக்கிரம் வேக வேண்டும் என்பதற்காகவே அதை மெல்லியதாக நசுக்கி, சிறு துண்டுகளாக்கியிருப்பார்கள். சூடான பாலில் மூன்று நிமிடத்துக்கு அது சரி. எட்டு மணி நேரம் ஊறினால் உருவமே தெரியாமல் கரைந்துவிடும். நமக்கு வேண்டியது ரோல்டு ஓட்ஸ். பாக்கெட்டில் அந்தப் பெயர் இருக்கும். உள்ளே தெரியும்படி இருந்தால் கண்ணாலும் சரிபார்க்கலாம்: ஒவ்வொரு இதழும் முழுதாக, நீள்வட்டமாக, சட்டைப் பட்டன் அளவில் இருக்க வேண்டும், நடுவில் ஒரு கோடு ஓட வேண்டும். பாக்கெட்டின் அடியில் மாவு படிந்திருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு இதழை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கலாம். ரோல்டு இரண்டாக உடையும், மற்றது பொடியாகும்.

ஏற்கெனவே மூன்று நிமிட வகையை வாங்கி வைத்திருந்தால் வீணாக்க வேண்டாம். இரவில் தொடாதீர்கள். காலை எழுந்ததும் கலந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள், வருவதற்குள் ஊறியிருக்கும். ஸ்டீல் கட் என்று விற்பது நசுக்காமல் நறுக்கிய தானியம். குளிர்ந்த பாலில் ஒரு ராத்திரி ஊறினாலும் நறுக்நறுக்கென்றுதான் இருக்கும். அதற்கு மூன்று மடங்கு தண்ணீரில் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, பிறகு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

"வேகவைக்காமல் சாப்பிட்டால் வயிறு என்னாகும்?" என்பது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. ரோல்டு ஓட்ஸ் பச்சைத் தானியம் இல்லை. உமி நீக்கிய ஓட்ஸை ஆவியில் வேகவைத்த பிறகுதான் உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்குகிறார்கள். ஓட்ஸில் கொழுப்பு அதிகம், 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 7 கிராம். அதைச் சிதைத்துக் காறல் வாடை வரச்செய்யும் நொதி ஒன்றும் தானியத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆவி அந்த நொதியை முடக்கிவிடுகிறது. ஆக, பாதி சமையல் ஆலையிலேயே முடிந்துவிட்டது. நாம் செய்வது ஈரம் ஏற்றும் வேலை மட்டும்.

அளவு

ஒருவருக்கு:

ரோல்டு ஓட்ஸ் 40 கிராம், அதாவது அரை கப்
காய்ச்சி ஆறிய பால் அரை கப், 120 மில்லி
தயிர் 4 டேபிள்ஸ்பூன், ஏறக்குறைய 60 கிராம்
சியா விதை 1 டீஸ்பூன், விருப்பப்பட்டால்
உப்பு ஒரு சிட்டிகை
இனிப்புக்கு வெல்லப்பாகோ தேனோ 2 டீஸ்பூன்

இது கடைத் தயிருக்கான கணக்கு. வீட்டுத் தயிரில் மேலே தண்ணீர் நின்றால் அதை வடித்துவிட்டு எடுங்கள், அல்லது பாலை 100 மில்லியாகக் குறையுங்கள். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் 200 கிராம் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஒரு வடிகட்டிமேல் வைத்து, இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வடியவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் ஊர் வெயிலில் வடிவதற்குள் புளித்துவிடும்.

சியா போட்டால் பால் கூட வேண்டும். அது தன் எடையைப்போலப் பத்து மடங்கு தண்ணீரை உறிஞ்சும். ஒரு டீஸ்பூனுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் பால் சேர்த்துக்கொள்ளுங்கள். சியா இல்லையென்றாலும் குடி முழுகிவிடாது, ஓட்ஸே போதுமான அளவு கெட்டிப்படும். ஃபலூடாவில் போடும் சப்ஜா விதையைச் சியாவுக்குப் பதிலாகப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அது சில நிமிடங்களிலேயே உப்பிவிடும், வழுவழுப்பும் அதிகம். தனியாகத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் ஒரு ஸ்பூன் கலப்பது நல்லது.

உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். இனிப்பு ஓட்ஸில் உப்பு எதற்கு என்று தோன்றும். பாயசத்தில் ஒரு கல் உப்புப் போடுகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கலக்கும் விதம்

பால் குளிர்ந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் முழுதாக ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பான பாலில் ஓட்ஸின் மாவுச்சத்து சீக்கிரம் வெளியே வந்து பசையாகும். தயிரும் சேர்ந்தால் அந்தச் சூட்டில் பால் முழுதும் உறைய ஆரம்பித்துவிடும். இரவு பாத்திரம் கழுவும் நேரத்தில் பாலை அளந்து ஒதுக்கி வைத்துவிடுவது வசதி.

முதலில் பாட்டிலில் பாலும் தயிரும் இனிப்பும் உப்பும். ஸ்பூனால் நன்றாக அடித்துக் கலந்த பிறகு ஓட்ஸ். ஓட்ஸை முதலில் போட்டு மேலே பால் ஊற்றினால் அடி மூலைகளில் காய்ந்த மாவு தேங்கிவிடும், காலையில் ஸ்பூன் போனால்தான் தெரியும். சியாவைக் கடைசியில் தூவி, கலக்கி, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை கலக்குங்கள். இந்த இரண்டாவது கலக்கலைத் தவிர்க்கிறவர்களுக்குத்தான் சியா தவளை முட்டை போலக் கட்டிகட்டியாக நிற்கும்.

நான்கு மணி நேரத்தில் சாப்பிடும் பதம் வந்துவிடும். எட்டு மணி நேரம் சரியான பதம். காலையில் கெட்டியாகத் தெரிந்தால் இரண்டு ஸ்பூன் பால் விட்டுத் தளர்த்துங்கள். இரவில் பார்க்கும்போது "ரொம்ப நீர்த்திருக்கே" என்று தோன்றினால்தான் அளவு சரி என்று அர்த்தம். அங்கே பயந்து இன்னொரு பிடி ஓட்ஸ் போடுவது எல்லோரும் செய்யும் தப்பு.

பாட்டில் வாய் அகலமாக, 350 முதல் 400 மில்லி கொள்ளளவில் இருக்கட்டும். பழைய ஊறுகாய் பாட்டில் வேண்டவே வேண்டாம். கண்ணாடியைச் சுத்தமாகக் கழுவிவிடலாம், மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் ஏறிய பெருங்காய வாடை போகாது, பால் அதை இழுத்துக்கொள்ளும். இறுக்கி மூடும் எவர்சில்வர் டப்பா எல்லாவற்றுக்கும் சரி.

இனிப்பும் பழமும்

வெல்லத்தைத் தூளாக நேரடியாகப் போட்டால் மண்ணும் சேர்ந்தே வரும். 100 கிராம் வெல்லத்தை 50 மில்லி தண்ணீரில் கரையும் வரை சூடாக்கி, வடிகட்டி, ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்த வாரத்துக்குக் கவலை இல்லை. கருப்பட்டிக்கும் இதே முறைதான், ஓட்ஸோடு வெல்லத்தைவிட அதுதான் நன்றாகச் சேரும். ஒரு ஏலக்காயைத் தட்டிப் போடுங்கள். பேரீச்சம்பழம், உலர்திராட்சை, அத்திப்பழம் இவற்றை இரவிலேயே போடலாம். இரண்டு பேரீச்சைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பால் கூடுதலாக வையுங்கள், அவையும் குடிக்கும்.

பழத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுவது. பப்பாளி, அன்னாசி, கிவி மூன்றையும் இரவில் பாலோடு கலந்தால் காலையில் கசக்கும். அவற்றில் புரதத்தை அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. அவை பால் புரதத்தைத் துண்டாடும்போது கசப்பு வருகிறது. பால் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டுவார்கள், கெட்டது பால் இல்லை. இந்த மூன்றையும் சாப்பிடும்போது மேலே போட்டுக்கொண்டால் ஒரு தொல்லையும் இல்லை. டின்னில் வரும் அன்னாசி சூடுபடுத்தப்பட்டது, நொதி செத்துவிட்டிருக்கும், அதை இரவிலேயே போடலாம்.

நன்றாகக் கனிந்த மாம்பழம் இரவிலும் தாங்கும். பங்கனப்பள்ளியைக் கூழாக்கிக் கலந்தால் வெல்லமே வேண்டாம். புளிப்பு மாம்பழம் என்றால் காலைக்கு ஒத்திப்போடுங்கள். கறுத்துப்போன பழுத்த வாழைப்பழத்தை மசித்து இரவில் கலப்பது இனிப்புக்குச் சிக்கனமான வழி, நறுக்கிய வில்லைகளோ காலையில்தான். மாதுளை எதற்கும் அசையாது. தர்பூசணி தண்ணீர் விடும், இந்தப் பக்கமே வரவேண்டாம். பாதாம், முந்திரி, வேர்க்கடலை எல்லாம் கரகரப்புக்காகத்தானே, அவற்றை ஊறவைத்து மெத்தென்று ஆக்குவானேன்? தேங்காய்த் துருவலும் காலையில்தான்.

பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் விடுகிறவர்கள் முதல் பாலை எடுக்காதீர்கள். தேங்காய்க் கொழுப்பு ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் மேலே மெழுகு படிந்தமாதிரி நிற்கும். இரண்டாம் பால்தான் சரி.

பழங்களில் ஆப்பிளுக்கு வந்தால், இந்தப் பண்டத்தின் பூர்வீகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் மருத்துவராக இருந்த மாக்சிமிலியன் பிர்ச்சர்-பென்னர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த உணவு இது. அவர் அளவைப் பார்த்தால் இன்று நாம் செய்வதற்கு நேர் தலைகீழ்: ஓட்ஸ் ஒரே ஒரு டேபிள்ஸ்பூன், அதை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைப்பது. காலையில் எலுமிச்சைச்சாறு ஒரு ஸ்பூன், இனிப்பூட்டிய கெட்டிப்பால் ஒரு ஸ்பூன், தூளாக்கிய கொட்டைப்பருப்பு ஒரு ஸ்பூன், பெரிய ஆப்பிள் ஒன்றைத் தோலோடு துருவியது. அது பழ உணவு, ஓட்ஸ் துணைக்கு. மில்க்மெய்ட் டின் திறந்து மீந்திருக்கும் வாரத்தில் செய்து பாருங்கள். ஆப்பிளைத் துருவியதுமே எலுமிச்சைச்சாற்றில் புரட்டிவிட்டால் கறுக்காது.

தயிர் ஓட்ஸ்

காலையில் இனிப்பு இறங்காத நாக்குகளுக்கு இதுதான் வழி, என் கட்சியும் இதுதான். பயணத்துக்குத் தயிர்சாதம் கட்டும்போது பாலை நிறைய விட்டு ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்ப்போமே, அதே கணக்கு இங்கேயும். இரவில் 40 கிராம் ஓட்ஸ், 120 மில்லி பால், ஒரு டேபிள்ஸ்பூன் தயிர். காலையில் இன்னும் நான்கு ஸ்பூன் புதுத் தயிரும் உப்பும் சேர்த்துக் கலந்தால் புளிக்காமல் இருக்கும். மொத்தத் தயிரையும் இரவிலேயே போட்டால் காலை அவ்வளவு புளிப்பு இருக்காது, ஆனால் இரண்டாம் நாளுக்கு வைத்தால் முகம் சுளிக்கும்.

தாளிப்பு: நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன், கடுகு கால் டீஸ்பூன், உளுத்தம்பருப்பு அரை டீஸ்பூன், ஒரு பச்சைமிளகாய், அரை அங்குல இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம். இஞ்சியைத் தாளிப்பில்தான் சேர்க்க வேண்டும். பச்சையாகத் துருவி இரவில் பாலில் போட்டால் பப்பாளி செய்கிற வேலையை இஞ்சியும் செய்யும். எண்ணெயில் வதங்கியபின் அந்தத் தொல்லை இல்லை.

காலையில் தாளிக்கவும் நேரமில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமையே மூன்று நாளைக்குச் சேர்த்துத் தாளித்து, ஆறியபின் ஈரமில்லாத சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். அப்போது பச்சைமிளகாயும் இஞ்சியும் வேண்டாம், அவற்றின் ஈரத்தில் உளுத்தம்பருப்பு நமத்துவிடும். வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, கறிவேப்பிலையை மொறுமொறுப்பாகும் வரை பொரியவிடுங்கள். சாப்பிடும்போது ஒரு ஸ்பூன் மேலே போட்டால் பருப்பு கடிபடும்.

ஒரு எச்சரிக்கை: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாட்டிலில் கொதிக்கும் தாளிப்பைக் கொட்டாதீர்கள், விரிசல் விடும். கிண்ணத்தில் மாற்றிக்கொண்டு கொட்டுங்கள். வெள்ளரியையும் கேரட்டையும் துருவிக் காலையில் சேர்க்கலாம். வெள்ளரியை இரவில் போட்டால் தண்ணீர் கட்டும். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், வடுமாங்காய், நார்த்தங்காய், எது வீட்டில் இருக்கிறதோ அது.

காலையில் ஜில்லென்று சாப்பிட முடியாதவர்கள் பல் தேய்க்கப் போகும் முன்பே எடுத்து மேசைமேல் வைத்துவிடலாம், இருபது நிமிடத்தில் குளிர்ச்சி தணியும். தயிர் சேர்க்காமல் பாலில் மட்டும் ஊறியதை மைக்ரோவேவில் சூடாக்கலாம். தயிர் கலந்ததைச் சூடாக்கினால் திரிந்துவிடும்.

எத்தனை நாள் தாங்கும்

வாரம் முழுதுக்கும் ஐந்து பாட்டில் வரிசையாக அடுக்கிப் படம் போடுகிறார்கள். பார்க்க அழகு. ஐந்தாம் நாள் பாட்டிலைச் சாப்பிடச் சொன்னால் தெரியும். மூன்று நாள்வரை ருசி நிற்கும், அதற்குமேல் குழைந்து புளிக்கும். ஞாயிறு இரவில் ஐந்து பாட்டிலிலும் ஓட்ஸ், சியா, உலர்திராட்சை, உப்பு என்று காய்ந்த சாமான்களை மட்டும் போட்டு மூடுங்கள். இரண்டில் பால் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மற்ற மூன்றையும் அலமாரியில் விட்டு, செவ்வாய் இரவு ஊற்றுங்கள். காய்ந்த கலவைமேல் பால் ஊற்றுவதால் இங்கே மட்டும் அடிவரை ஸ்பூன் விட்டுக் கிளறியே ஆக வேண்டும்.

ஃப்ரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்காதீர்கள், திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சூடாகும் இடம் அது. உள்தட்டில், பின்பக்கமாக வையுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாமல் சமையல் மேடையிலேயே ஒரு ராத்திரி விடலாமா? பழைய சோறு அப்படித்தானே இருக்கிறது என்பார்கள். அதில் தண்ணீரும் சோறும்தான் இருக்கின்றன, பால் இல்லை. பாலை நம் ஊர் ராத்திரியில் வெளியே விட்டு எதிர்பார்க்கக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும்.

ஆபீஸுக்குக் கட்டிக்கொண்டு போவதென்றால் ஃப்ரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரம்தான் கணக்கு, 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம். சின்ன தண்ணீர் பாட்டில் ஒன்றை முக்கால்வரை நிரப்பி ஃப்ரீசரில் உறையவைத்து, பையில் ஓட்ஸோடு ஒட்டி வைத்தால் மின்சார ரயிலில் போய்ச் சேரும்வரை குளிர்ச்சி இருக்கும். மூடியைத் திறக்கும்போது காற்று புஸ்ஸென்று வந்தாலோ கள் வாடை அடித்தாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். ஊறவைக்கும் முன்பே ஓட்ஸ் கசந்தால், அல்லது பழைய எண்ணெய் வாடை வந்தால், பாக்கெட் காறிவிட்டது. பிரித்த பாக்கெட்டைக் காற்றுப்புகாத டப்பாவில் மாற்றி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

உடம்புக்கு

ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. காலையில் கெட்டிப்படுவதற்கும் அதற்குப் பங்கு உண்டு. ஓட்ஸிலிருந்து அது நாளுக்கு 3 கிராம் கிடைத்தால், நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைவான சாப்பாட்டோடு சேர்ந்து இதயநோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறை 1997-இல் அனுமதித்தது. 40 கிராம் ஓட்ஸில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். இது தவிர மாயமந்திரம் எதுவும் இல்லை. தாதுச் சத்துகளை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும் ஃபைட்டிக் அமிலம் ஊறவைத்தால் போய்விடும் என்று பரப்புகிறார்களே, ஓட்ஸ் விஷயத்தில் அது பெரிதாக நடக்காது. அந்த அமிலத்தைச் சிதைக்கும் நொதி ஓட்ஸில் குறைவு, இருப்பதையும் ஆலையின் ஆவியே அழித்துவிடுகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஓட்ஸ் என்ற பெயரை நம்பித் தேன், வாழைப்பழம், பேரீச்சை மூன்றையும் ஒரே பாட்டிலில் போட வேண்டாம். 40 கிராம் ஓட்ஸிலேயே 27 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அவர்களுக்குத் தயிர் ஓட்ஸே நல்லது, கூட ஒரு பிடி வேர்க்கடலை. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஊட்டும் ஓட்ஸில் தேன் கூடவே கூடாது.

கடைசியாகப் பாட்டில். சாப்பிட்டதும் பச்சைத் தண்ணீர் நிரப்பித் தொட்டியில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். காய்ந்த ஓட்ஸைச் சாயங்காலம் சுரண்டுவதைவிட அது சுலபம். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவி, முழுதாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். அங்கே தங்கும் பால்தான் அடுத்த பாட்டிலைச் சீக்கிரம் புளிக்க வைக்கிறது.